என்ஜின் நின்ற பிறகு

போன ஆவணியில் கானாடுகாத்தானில் ஓர் அறுபதாம் கல்யாணம் எடுக்கப் போயிருந்தேன். காரைக்குடியில் பதினாறு வருடமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். டிரோன் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. செட்டிநாட்டு வீடுகளில் இப்போதெல்லாம் டிரோன் இல்லாத போட்டோகிராபரை யாரும் கூப்பிடுவதில்லை. அதில் நியாயமும் இருக்கிறது. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடக்கிற வீட்டை முழுசாகக் காட்ட வேறு வழி இல்லை. வரிசை வரிசையாக ஓட்டுக் கூரைகள், நடுவில் சதுரமாக, வானம் பார்த்த வளவு வாசல், அதற்குள் பட்டுப் புடவைகள். அந்த ஒரு ஷாட்டுக்குத்தான் காசு.

அன்றைக்கு அந்த ஷாட்டோடு நிறுத்தியிருக்கலாம். "அப்படியே உள்ள இறக்குங்கண்ணே, வானத்துலேருந்து மணவறைக்கு வர்ற மாதிரி" என்று சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த வீட்டுப் பிள்ளை கேட்டது. கேட்டதும் எனக்கும் ஆசை வந்துவிட்டது. கூரை மட்டத்துக்கு வந்ததுமே நாலு பக்கச் சுவரும் மறைத்து ஜிபிஎஸ் போய்விட, டிரோன் ஓரடி நகர்ந்தது. வளவின் குறுக்கே கட்டியிருந்த தோரணக் கயிறு ஒரு விசிறியைப் பிடித்துக்கொண்டது. மற்ற மூன்று விசிறிகளும் நன்றாகத்தான் சுற்றின. அதுதான் வம்பு. ஒரு மூலையைத் தாங்க ஆளில்லை, எதிர்மூலை மட்டும் தூக்கிக்கொண்டே இருக்கிறது. அப்படியே குப்புறப் புரண்டு, தன்னைத் தானே தரையை நோக்கித் தள்ளிக்கொண்டு வந்து விழுந்தது. வளவோரப் பத்தியில் பதித்திருந்த ஆத்தங்குடித் தரைக் கல் ஒன்றின் மூலை பெயர்ந்தது. யார் மேலும் படவில்லை. மூன்றடி தள்ளி ஒரு பெண்குழந்தை பலூனோடு நின்றிருந்தது.

முப்பதடி உயரத்திலிருந்து ஒரு பொருள் சும்மா விழுந்தாலே தரையைத் தொடும்போது மணிக்கு 48 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். இதை அன்றிரவு கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். என் டிரோன் முக்கால் கிலோவுக்கு மேல். அதற்குப் பிறகு அந்தப் பலூனை நினைக்காமல் இருக்க நிறையப் பாடுபட்டேன்.

அந்த வீட்டை மேற்பார்வை பார்ப்பவர் என் சின்ன மாமா. அவர் சொல்லித்தான் எனக்கு அந்த வேலையே கிடைத்தது. 28 வருடம் ராணுவத்தில் இருந்தவர். அதில் பெரும்பகுதி ஹெலிகாப்டர் டெக்னீஷியனாக, சீட்டா ஹெலிகாப்டர்களோடு. ஊரில் அவருக்குப் பெயர் மிலிட்டரிக்காரர்; ஹெலிகாப்டர் விஷயம் பாதிப் பேருக்குத் தெரியாது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர் திட்டவில்லை. உடைந்ததைக் கையில் எடுத்து, மிச்சமிருந்த மூன்று விசிறிகளையும் ஒவ்வொன்றாக விரலால் சுற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் தந்துவிட்டு, "என்ன மாப்ள, இதுக்கு விழத் தெரியலையே" என்றார்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். விழுவதற்குத் தெரிய வேறு வேண்டுமா என்று நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அந்த வார்த்தை போகவில்லை. ஆல்பம் டிசைன் செய்யும்போதும் சரி, வண்டி ஓட்டும்போதும் சரி, காதுக்குள் இருந்துகொண்டே இருந்தது.

ஓலைக் காற்றாடி

அன்று இரவு பந்தி முடிந்து, முகப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதே கேட்டுவிட்டேன். மாமா பதில் சொல்லவில்லை. தாம்பூலம் போட்டுக் கொடுக்க வாங்கியிருந்த கொட்டான்களில் நசுங்கிப் போன ஒன்றை எடுத்துப் பிரித்து, அந்தப் பனையோலையில் இரண்டு கீற்றைக் கிழித்தார். வெளியே போய் ஒரு கருவேல முள் கொண்டு வந்தார். சின்னப் பிள்ளையில் எல்லோரும் செய்த ஓலைக் காற்றாடிதான். என் கையில் கொடுத்து, "ஓடு" என்றார். நாற்பத்து நாலு வயதில், சட்டைப் பையில் மெமரி கார்டுகள் குலுங்க, இரவு பத்தரை மணிக்கு அந்தத் தெருவில் ஓடினேன். காற்றாடி சுற்றியது.

"எந்த என்ஜின் சுத்துச்சு அதை?"

"காத்து, மாமா."

"காத்தே இல்லையே இப்ப."

"நான் ஓடுனேன்ல."

"அம்புட்டுத்தான். நீ ஓடுற. அது விழுது."

என்ஜின் நின்றுபோன ஹெலிகாப்டர், தானாகச் சுற்றுகிற பிளேடுகளை நம்பி இறங்குவதற்கு ஆட்டோரொட்டேஷன் என்று பெயர். அந்த மனிதர் அதை எனக்கு விளக்கியது இவ்வளவுதான். மீதியை அடுத்தடுத்த வாரங்களில் படித்தும் அவரிடம் கேட்டும் தெரிந்துகொண்டேன். ஹெலிகாப்டர் என்ஜினுக்கும் மேலே சுற்றுகிற பெரிய பிளேடுகளுக்கும் நடுவில் சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி ஒன்று இருக்கிறது. பெடலை நிறுத்தினாலும் சைக்கிள் சக்கரம் ஓடுகிற மாதிரி, என்ஜின் நின்றாலும் பிளேடு நிற்காது. ஆனால் பிளேடுகள் காற்றைக் கடிக்கிற கோணத்திலேயே இருந்தால் சீக்கிரம் வேகம் இழந்துவிடும். அதனால் பைலட் உடனே, யோசிக்காமல், இடது கையில் இருக்கிற கலெக்டிவ் என்ற நெம்புகோலை இறக்கிவிட வேண்டும். அதோடு பிளேடுகளின் கோணம் தட்டையாகிவிடும். ஹெலிகாப்டர் கீழே போக ஆரம்பிக்கும். போகப் போக, கீழேயிருந்து மேலே வருகிற காற்று பிளேடுகளைச் சுற்றிவிடும். ஓலைக் காற்றாடியேதான், தெருவுக்குப் பதிலாக வானம்.

இதில் அழகு கடைசி சில விநாடிகள். கனமான பிளேடுகள் சுற்றிக்கொண்டே வந்ததில் ஒரு கையிருப்பு சேர்ந்திருக்கிறது. தரைக்குப் பக்கத்தில் மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைத்து, பிறகு கலெக்டிவை மேலே இழுத்தால், அந்தக் கையிருப்பு முழுவதும் ஒரே மூச்சில் செலவாகி, ஹெலிகாப்டரை மெத்தென்று இறக்கும். ஒரே தடவைதான். சீக்கிரம் இழுத்துவிட்டால் பாதி உயரத்திலேயே கை காலி. தாமதித்தால் இருப்பு இருந்தும் பயனில்லை. வட்டியையும் வைப்பையும் பற்றிச் செட்டிநாட்டுக்காரர்களுக்கு நான் மேலே விளக்க வேண்டாம்.

என் டிரோனுக்கு இதெல்லாம் ஏன் முடியாது என்பது இப்போது தெரிந்தது. அதன் விசிறிகள் ஒரே கோணத்தில் வார்த்த பிளாஸ்டிக். திருப்ப முடியாது. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் அது ஏறுவது, இறங்குவது, சாய்வது எல்லாம். விசிறிகள் லேசாக இருப்பதால்தான் விநாடிக்குப் பலமுறை வேகத்தை மாற்ற முடிகிறது. லேசாக இருப்பதாலேயே கையிருப்பு என்று எதுவும் சேராது. அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் சாப்பிடுகிற கதை. சம்பளம் நின்ற நிமிடமே பட்டினி.

சீட்டாவைப் பற்றிப் படிக்கும்போது ஒரு சங்கதி அகப்பட்டது. 1972 ஜூன் 21 அன்று ழான் பூலே என்ற பிரெஞ்சு பைலட் லாமா ஹெலிகாப்டரில் 12,442 மீட்டர் உயரம் ஏறினார். எவரெஸ்டைவிட மூன்றரைக் கிலோமீட்டர் அதிகம். அந்த உச்சியில் குளிரில் என்ஜின் அணைந்துவிட்டது. மறுபடி பற்றவைக்க முடியவில்லை. அங்கிருந்து தரை வரைக்கும், பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல், என்ஜினே இல்லாமல் பிளேடுகளின் சுழற்சியை மட்டும் நம்பி இறங்கி உயிரோடு வந்தார். ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன். அவர் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "லாமாதானே மாப்ள நம்ம சீட்டா" என்றார். உண்மைதான். இமயமலை உயரங்களுக்காக இந்திய ராணுவம் கேட்டதன் பேரில் பிரெஞ்சுக்காரர்கள் உருவாக்கியதுதான் லாமா. அதையே உரிமம் வாங்கி பெங்களூரு எச்.ஏ.எல். விமான நிறுவனம் சீட்டா என்று கட்டியது. உலக சாதனையைக் காட்டி அசத்தலாம் என்று போனால், அந்த மிஷினுக்கு இவர் வருடக்கணக்காக கிரீஸ் வைத்திருக்கிறார்.

கால் யூனிட்

இதற்குப் பிறகு எனக்கு ஓர் அபிப்பிராயம் உருவாகிவிட்டது. புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டவனுக்கு வருகிற அவசர அபிப்பிராயம். ஆள் உட்காருகிற இயந்திரத்தை இறங்குவதற்காகச் செய்கிறார்கள். ஆள் இல்லாத இயந்திரத்தைத் தொலைப்பதற்காகச் செய்கிறார்கள். உலக ராணுவங்கள் எல்லாம் இரண்டாவது பக்கம் போய்க்கொண்டிருக்கின்றன. இது நல்லதுக்கில்லை.

ஆதாரங்களும் கிடைத்தன. அமெரிக்க ராணுவம் புதிய உளவு-தாக்குதல் ஹெலிகாப்டர் ஒன்றை உருவாக்கக் கிட்டத்தட்ட 200 கோடி டாலர் செலவழித்துவிட்டு, 2024 பிப்ரவரியில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. உக்ரைன் போரைப் பார்த்த பிறகு, அந்த வேலையை ஆளில்லா விமானங்களும் செயற்கைக்கோள்களும் மலிவாகச் செய்யும் என்று காரணம் சொன்னார்கள். நம் ராணுவமும் 2021-ல் ஐடியாஃபோர்ஜ் நிறுவனத்தின் ஸ்விட்ச் என்ற ஆளில்லா விமானங்களை வாங்க ஒப்பந்தம் போட்டது. அது நாலு விசிறியால் நேராக மேலே எழும்பி, பிறகு இறக்கையை நம்பி விமானமாகப் பறக்கிற வகை.

ஏன் இந்த இரட்டை வேடம் என்பதற்குக் காரணம் நம் ஊரிலேயே கிடைத்தது. காரைக்குடியில் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டியது. அங்கே வேலை பார்க்கிற ஒருவர் வீட்டுக் கல்யாணத்தை நான்தான் எடுத்தேன். ஆல்பம் வாங்க வந்தவரைப் பிடித்துக்கொண்டேன். கரண்ட் பில் கணக்கிலேயே சொன்னார். ஒரு கிலோ மண்ணெண்ணெய்க்குள் ஏறக்குறைய 12 யூனிட் சக்தி இருக்கிறது. ஒரு கிலோ நல்ல லித்தியம் பேட்டரிக்குள் கால் யூனிட். என்ஜின் அந்தப் பன்னிரண்டில் பெரும்பகுதியை வெப்பமாக வீணடிக்கும், பேட்டரி அவ்வளவு வீணடிக்காது. அப்படிக் கழித்தாலும் வித்தியாசம் பெரிது. இன்னொன்று, மண்ணெண்ணெய் எரிய எரிய ஹெலிகாப்டர் லேசாகும். பேட்டரி காலியானாலும் அதே கனம். காலிக் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டே நடக்கிற மாதிரி. அந்தரத்தில் நிற்பதுதான் பறப்பதிலேயே பெரிய செலவு என்பதால், எழும்ப மட்டும் விசிறி, பயணத்துக்கு இறக்கை என்று பிரித்துக்கொள்கிறார்கள். வயலுக்கு மருந்து அடிக்க வருகிற பத்து லிட்டர் டிரோன் ஏன் வரப்போரம் பேட்டரி அடுக்கிக்கொண்டு நிற்கிறது என்பதும் இதே கணக்குதான்.

ஆக, பெரிய சுமைக்கும் நெடுந்தூரத்துக்கும் இன்னும் ஹெலிகாப்டர்தான் என்று எனக்குள் ஒரு திருப்தி. 2023 டிசம்பர் வெள்ளத்தை எல்லோரும் பார்த்தோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் எண்ணூறு பயணிகளோடு நின்றுவிட்டது. ஹெலிகாப்டர்கள் சாப்பாடு போட்டன. கர்ப்பிணி ஒருவரை விமானப்படை ஹெலிகாப்டர் தூக்கிக்கொண்டு போனது. அந்த அம்மாளை என் டிரோனிலா ஏற்றுவார்கள்?

மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. என்ஜின் நின்றால் வழி உண்டு, கட்டுப்பாடு அறுந்தால் வழி கிடையாது என்றார். 2025 ஜனவரியில் போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பிளேடுகளின் கோணத்தை மாற்றுகிற ஸ்வாஷ்பிளேட் முறிந்திருந்தது தெரியவந்தது. நாட்டிலுள்ள துருவ் ஹெலிகாப்டர்கள் எல்லாம் மாதக்கணக்கில் தரையில் நின்றன. "உன் சின்ன மிஷின்ல அந்தச் சாமானே இல்ல. இல்லாத சாமான் உடையாது" என்றார். டெக்னீஷியனின் நேர்மை. நான்தான் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கையெழுத்து

கார்த்திகையில் ஒரு மழை நாள். தேவகோட்டைப் பக்கம் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். கண்மாய் பெருகியிருந்தது, பஸ் இல்லை, ராத்தங்க வேண்டியதாயிற்று. அத்தை போட்ட கந்தரப்பத்தைத் தின்றுகொண்டே என் அபிப்பிராயத்தை முழுசாக அவிழ்த்துவிட்டேன். ஆளில்லாத இயந்திரத்துக்கு இறங்குகிற கடமை இல்லை, விழுந்தால் அடுத்ததை அனுப்புவார்கள், நீங்கள் அன்றைக்குச் சொன்னதுதான் சரி, விழத் தெரியாததைப் பறக்கவிடக் கூடாது. அவர் சொன்னதையே அவருக்குப் பிரசங்கம் பண்ணினேன்.

மாமா கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். அப்புறம் பேச ஆரம்பித்தார். எந்த இடம், எந்த வருடம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வடக்கே, பனிமலை. சியாச்சின் பக்கத்து முகாம்களில் 20,000 அடிக்குக் கிட்டத்தட்ட உயரத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். அடுப்புக்கும் குளிருக்கும் மண்ணெண்ணெய் வேண்டும். ரோடு கிடையாது. காற்று அவ்வளவு லேசாக இருக்கிற இடத்தில் சீட்டா ஒரு நடைக்குத் தூக்குகிற சுமை ரொம்பக் கொஞ்சம், சில கேன்கள்தான். அந்தச் சில கேன்களுக்காக இரண்டு பைலட்டுகள் தினமும் போய் வர வேண்டும்.

ஒவ்வொரு தடவை ஹெலிகாப்டர் கிளம்புவதற்கு முன்னாலும் டெக்னீஷியன் எல்லாவற்றையும் பார்த்து, பறக்கத் தகுதி என்று புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதைப் பார்த்து பைலட் தன் கையெழுத்தைப் போடுவார். அதற்குப் பிறகுதான் என்ஜின். ஒரு நாள் காலையில் மாமா போட்டார். அந்தப் பையன் போட்டான். மாமா அப்படித்தான் சொன்னார், பையன் என்று. ஆபீசர் என்றோ சாப் என்றோ சொல்லவில்லை. திரும்பி வரவில்லை.

"விசாரணை நாலு மாசம். மிஷின்ல குத்தம் இல்லை, மேகம்னு முடிச்சாங்க. நாலு மாசமும் அந்த புக்கு அவங்ககிட்டதான் இருந்துச்சு. என் கையெழுத்து, அதுக்குக் கீழ அவன் கையெழுத்து."

மழை ஓட்டில் விழுகிற சத்தம். அத்தை அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. அவர்களுக்கு இந்தக் கதை ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும்.

"எறங்கத் தெரிஞ்ச மிஷின்தான், மாப்ள. எறங்க எடம் வேணும்ல. அங்க ஏது எடம்?" என்றார். பிறகு, "மண்ணெண்ணெய் கேன்தானே. அதை ஆளில்லாதது தூக்கிட்டுப் போகட்டுமே. கல்லு மாதிரி விழட்டும். வெறும் மிஷினா விழட்டும்."

எனக்குப் பேச்சு வரவில்லை. மூன்று மாதமாக நான் சேர்த்து வைத்திருந்த வாதமெல்லாம் அவருடைய ஒரு வாக்கியத்தின் மேல் கட்டியது. அந்த வாக்கியத்தைச் சொன்னவரே கீழிருந்து உருவிக்கொண்டார். வெகு நேரம் கழித்து, தோற்றுப் போனவனின் குரலில்தான் கேட்டேன்: அப்படியானால் அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள்?

"அங்க கீழ பனி. உன் கல்யாண வீட்ல கீழ பிள்ளைங்க நிக்கிதுங்க" என்றார். சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

எனக்குத்தான் தூக்கம் இல்லை. உள்ளே ஆள் இருக்கிறதா என்று மட்டுமே நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நம் 2021 டிரோன் விதிகளும் எடையை வைத்துத்தான் வகை பிரிக்கின்றன: 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ என்று போகும். என்னுடையது மைக்ரோ. பெயரே நுண்ணியது என்றால் யாருக்குப் பயம் வரும்? ஆனாலும் மாமா சொன்னதில் எனக்கு ஒன்று இன்னும் இடிக்கிறது. கேன் தூக்குவதோடு நிற்குமா இது? வெறும் மிஷினாக விழுகிறதை அனுப்புகிறவனுக்கு, அனுப்பத் தயக்கம் குறைந்துபோகாதா? போர்க்களத்தில் கீழே எப்போதும் பனி மட்டுமா இருக்கிறது? இதை அவரிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வைத்திருப்பார் என்றும் தோன்றவில்லை.

தை மாதம் அந்தக் கானாடுகாத்தான் வீட்டு ஆச்சி போன் செய்தார்கள். பேத்திக்குக் கல்யாணம், நீயே வந்து எடுத்துக் கொடு என்றார்கள். கூடவே, "அந்தப் பறக்குறதை வீட்டுக்குள்ள கொண்டாராத. மேமாடியில நின்னு எடு, ஏணி வேணும்னா தர்றேன்." சரி என்றேன். பெயர்ந்த ஆத்தங்குடிக் கல்லை மாற்றியிருக்கிறார்கள். புதுக் கல்லின் பச்சை மட்டும் மற்றதோடு ஒட்டவில்லை.

ரிப்பேர் ஆகி வந்த டிரோனைச் சோதிக்க, செட்டிநாடு கால்நடைப் பண்ணைக்கு இந்தப் பக்கம் இருக்கிற பொட்டலுக்கு ஒரு காலை போனேன். இரண்டாம் உலகப் போரில் வெள்ளைக்காரர்கள் போட்ட விமான ஓடுதளம் அந்தப் பக்கம்தான் புல் மண்டிக் கிடக்கிறது. மாமா தானாகவே வண்டியில் ஏறிக்கொண்டார். அங்கே போனதும் நான் பெட்டியைத் திறப்பதற்குள் அவர் பொட்டலில் இறங்கி நடந்தார். நடந்துகொண்டே கற்களைக் காலால் ஓரம் தள்ளினார். ஒரு முள் கொப்பை எடுத்துத் தூரப் போட்டார். கொஞ்சம் செம்மண்ணை அள்ளித் தூவி, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார். நாலு விசிறியையும் விரலால் சுற்றிப் பார்த்துவிட்டு, ம் என்றார்.

நாலு நிமிடம் பறக்கவிட்டு இறக்கினேன். மாமா கையை நீட்டினார். ரிமோட்டைக் கேட்கிறார் என்று நினைத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

"புக்கு எங்க?"

என்னிடம் ஸ்டூடியோ பில் புத்தகம்தான் இருந்தது. அதில் ஒரு தாளைத் திருப்பி, வண்டி சீட்டில் வைத்து, தேதி போட்டு, நேரம் போட்டு, பறந்தது 4 நிமிடம், குறை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே ஒரு கோடு இழுத்து, பேனாவை என்னிடம் கொடுத்தார்.